வாயைக் கட்டச் சொல்லும் உத்தியோகம்

எடை பார்ப்பது, பார்க்கிறவர்களுக்கு மிக இலகுவான உத்தியோகம். இயந்திரம் ஒரு எண்ணைச் சொல்லும். மேடையில் நிற்பவர் குற்றவாளி. தீர்ப்பு எங்களுக்கு மனப்பாடம். வாவிக்கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், புதன்கிழமைகளில் நடக்கும் எடைக் கிளினிக்கில் பதினொரு வருடம் தாதியாக இருந்தேன். எங்கள் பக்கத்தில் தாதியை மிஸி என்பார்கள். நீங்களும் எங்காவது ஒரு கிளினிக்கில், செருப்பைக் கழற்றி, கைப்பையைக் கீழே வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மேடையில் ஏறியிருப்பீர்கள். அதனால் உங்கள் பக்கத்துக் கதையை நான் சொல்லத் தேவையில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஏலம்

எங்கள் விறாந்தையின் தரை பள்ளமும் மேடும். தராசு ஆடாமல் நிற்கக்கூடிய ஒரே இடம் கிழக்கு மூலை. மின்விசிறி இருந்தது மேற்கு மூலையில். என் மேசை மின்விசிறிக்குக் கீழே. இடையில், காத்திருப்பவர்கள் இருக்கும் நீட்டு வாங்குகளில் ஐம்பது அறுபது பேர். உதவியாளர் பரமேஸ்வரி அக்கா தராசடியில் நின்று எடையைக் கூவுவார், நான் எழுதுவேன். மேசையைத் தராசடிக்கு நகர்த்தலாம் என்பது பதினொரு வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நான் சம்மதித்திருக்க மாட்டேன். எனக்கு வியர்க்கும்.

பரமேஸ்வரி அக்காவுக்கு நல்ல தொண்டை. எண்ணோடு நிறுத்தவும் மாட்டார். "தொண்ணூத்தி நாலு! போன மாசம் தொண்ணூத்தி ரெண்டு! மிஸி, இவ நல்லாத் திண்டுபோட்டு வந்திரிக்கா!" வாங்குகள் சிரிக்கும். வெட்கம் வந்தால் சாப்பாடு குறையும் என்று நாங்கள் நம்பினோம். வெட்கத்தோடு வீட்டுக்குப் போகிறவர் அங்கே என்ன செய்கிறார் என்று பார்க்க எங்களில் ஒருவரும் கூடப் போனதில்லை.

செட்டிபாளையத்திலிருந்து வரும் மீன்காரர் ஒருவர், தன் எடை கூவப்பட்டதும் மேடையிலிருந்து இறங்காமல் வாங்குகளின் பக்கம் திரும்பினார். "எண்பத்தாறாம். இனி ஆர் கேக்கிற? கேக்க ஆளில்லாட்டி நான் இறங்கப்போறன்."

அச்சடித்த தாள்

கிளினிக்கை நடத்திய டொக்டர் சோம்பேறி அல்ல. நேரத்துக்கு வருவார், ஒருவரையும் பார்க்காமல் அனுப்ப மாட்டார். அவருக்கு நோயாளிகள் மீது கோபம் இருந்தது. அந்தக் கோபத்தையே சிகிச்சை என்று நினைத்துவிட்டார். ஒருவருக்கு ஒன்றரை நிமிடம். அதில் ஒரு நிமிடம், "வாயைக் கட்டுங்க. வாயைக் கட்டாட்டி நான் என்ன மருந்து தந்தும் வேலையில்லை." மீதி அரை நிமிடத்தில் ஒரு தாளைக் கொடுப்பார்.

எந்த நாட்டுக்காரருக்காக அச்சடித்த தாளோ தெரியாது. ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஒலிவ் எண்ணெய், ஸ்ட்ரோபெரி ஆறு. தாளின் தலைப்பில், பேனையால், டொக்டர் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்து நகல் எடுத்திருந்தார்: ஓட்ஸ் இல்லாவிட்டால் காலையில் ஒன்றும் வேண்டாம். அந்த ஒரு வரியைத்தான் எல்லோராலும் பின்பற்ற முடிந்தது. அதற்குச் செலவில்லை.

கரடியனாற்றில் ஐந்து ஏக்கர் நெல் செய்யும் ஒருவர் தாளை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார். "ஐயா, இதெல்லாம் விளையிற வயல்வட்டை எந்தப் பக்கம் கிடக்கு? விதை எடுக்கத்தான் கேக்கிறன்."

புதன்கிழமைக் கொத்து

கிளினிக் புதன்கிழமை என்றால், செவ்வாய் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவார்கள். சிலர் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். ஒரு தடவை ஒரு பெண் தராசடியில் மயங்கி விழுந்தாள். குளுக்கோசு கொடுத்து எழுப்பி, எடை பார்த்து, ஒன்றரைக் கிலோ குறைவு, முன்னேற்றம் என்று எழுதினோம்.

பதினொரு மணிக்கு நான் தேநீர் குடிக்கக் கேற்றுக்கு எதிரிலிருந்த ஜவ்பர் நானாவின் சாப்பாட்டுக் கடைக்குப் போவேன். திரை போட்ட பின்னறையில், ஒரு மணித்தியாலத்துக்கு முன் என் தராசில் நின்றவர்கள் சுவரைப் பார்த்தபடி இருந்து கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பேச்சில்லை. வேகம் மட்டும். என் சீருடையைக் கண்டதும் தலைகள் இன்னும் குனியும். இருபத்திரண்டு மணித்தியாலம் பட்டினி கிடந்தவர்கள் சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வாய் கட்டாதவர்களைக் கையோடு பிடித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. டொக்டரிடம் சொன்னேன். அந்தக் கடையில் கண்டால் கிளினிக்கிலிருந்து பெயரை வெட்டுவேன் என்று அவர் அடுத்த புதன்கிழமை அறிவித்தார்.

அதன் பிறகு பின்னறை வெறுமையாகிவிட்டது. எல்லோரும் பார்சல் கட்டிக்கொண்டு போனார்கள். ஜவ்பர் நானா என் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார். "மிஸி, மத்த நாளில ஒரு சட்டி மா குழைக்கிறன், புதன்கிழமையில ரெண்டு சட்டியும் பத்தாமப் போகுது. உங்கட டொக்டருக்குச் சொல்லுங்க, கிளினிக்கக் கிழமையில ரெண்டு நாள் வெக்கட்டாம்."

வெள்ளிக்கிழமை மரக்கறி

டொக்டருக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொருவரும் சாப்பிடுவதை ஒரு கொப்பியில் எழுத வேண்டும். பள்ளிக்கூடக் கொப்பிகள் கொடுத்தோம். அடுத்த மாதம் வந்த கொப்பிகளைப் பார்த்து டொக்டர் நெகிழ்ந்துபோனார். சிவப்பரிசிச் சோறு ஒரு கோப்பை, வல்லாரைச் சம்பல், ஒரு துண்டு மீன். நாற்பது கொப்பியில் நாற்பது பேர், ஒரே நாளில், ஒரே துண்டு மீன். நாற்பதையும் கட்டி எடுத்துக்கொண்டு ஒரு கூட்டத்துக்குப் போய்க் காட்டிவிட்டும் வந்தார். கூட்டத்தில் கைதட்டினார்களாம். அந்தக் கூட்டத்திலும் ஒருவர்கூட இரண்டு கொப்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

எனக்கு இடறியது வெள்ளிக்கிழமை. ஏறாவூர், ஓட்டமாவடிப் பெண்களின் கொப்பிகளில் எல்லா வெள்ளிக்கிழமையும் மரக்கறி. ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முன்னால் அந்த ஊர்களில் புடலங்காய்ப் பால்கறி வைக்கிறார்கள் என்று நம்ப எனக்குச் சிரமமாக இருந்தது. விசாரித்தேன். வாங்கின் முதல் ஆளாக எப்போதும் இருப்பவர் திலகம் டீச்சர். ஓய்வுபெற்ற ஆசிரியை. நல்ல கையெழுத்து. விடியற்காலையிலேயே வந்து, வரிசையில் இருந்தபடி எல்லோருடைய கொப்பியையும் அவரே நிரப்பிக் கொடுத்திருக்கிறார். பிடிபட்டதில் அவருக்கு எந்தக் குற்ற உணர்வும் இல்லை. மரக்கறிக்கு மட்டும் விளக்கம் சொன்னார். "வெள்ளிக்கிழமை நாளில மீன் எண்டு நான் எப்படி மிஸி கையால எழுதுற?"

உள்ளதை எழுதிய கொப்பி

டீச்சரிடம் கொடுக்காத கொப்பி ஒன்று இருந்தது. அது ஏறாவூர் பரீதாவுடையது. முப்பத்தாறு வயது. எட்டு வருடம் குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டு வந்தவள். கணவன் இன்னும் வெளிநாட்டில். வீட்டில் அவளும் பள்ளிக்குப் போகும் மகளும். எடை நூற்றி இரண்டு. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. வலது காலின் பெருவிரலில் ஆறாத புண். சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று சத்திரசிகிச்சைக்காரர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். விரலோடு நிற்கும் என்பதும் நிச்சயமில்லை.

அதை அவள் கொண்டுவந்த புதன்கிழமை டொக்டர் வரவில்லை. கொப்பிகளை நான் பார்த்தேன். பரீதாவின் கொப்பியைத் திறந்து, வாசித்ததை நம்ப முடியாமல், சத்தமாக வாசித்தேன். காலை, ஒன்றுமில்லை. பத்தரை மணி, பேக்கரிப் பாண் ஒன்று முழுசு. சீனி தொட்டு. நேற்றைய சோறு சட்டியோடு. மகளின் பிஸ்கட் பக்கட் இரண்டு. பால்மா வெறுமனே ஏழு கரண்டி. நின்றபடி. பசி இல்லை. ருசி தெரியவில்லை. வயிறு நொந்த பிறகும் நிற்பாட்ட ஏலவில்லை. பிறகு சட்டியைக் கழுவி, அழுதுவிட்டு, கடைக்குப் போய் மகளுக்கு வேறு பிஸ்கட் வாங்கி வைத்தேன்.

பால்மாவில் திலகம் டீச்சர் முதலில் சிரித்தார். பிறகு பரமேஸ்வரி அக்கா. "ஏழு கரண்டியையும் எண்ணித் திண்டிரிக்கா பாருங்க!" பிறகு விறாந்தை முழுவதும். நானும் சிரித்தேன், அதை மறைத்து எழுத இப்போது வழியில்லை. பரீதா எழுந்து மேசையடிக்கு வந்தாள். கொப்பியை எடுக்கவில்லை. அழவும் இல்லை. "நீங்கதானே மிஸி உள்ளத எழுதச் சொன்னீங்க."

ஒரு விரல்

மூன்று மாதம் அவள் வரவில்லை. புண்ணுக்கு மருந்து கட்டுவதும் எங்கள் ஆஸ்பத்திரியில்தான், அதே விறாந்தையைத் தாண்டித்தான். அதற்கும் வரவில்லை. வராதவர்களின் பெயருக்கு நேரே "ஒத்துழைப்பில்லை" என்று எழுதுவது எங்கள் வழக்கம். எழுதினேன். நோயாளி எங்களோடு ஒத்துழைக்க வேண்டும் என்று ஒரு சொல் இருக்கிறது. நாங்கள் நோயாளியோடு செய்யாததற்கு ஆஸ்பத்திரியில் சொல் எதுவும் இல்லை.

நாலாவது மாதம் வந்தாள். வலது பாதத்தில் கட்டு. பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள். இனிக் கவனம் இல்லாவிட்டால் பாதம் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. பரமேஸ்வரி அக்கா அன்று கூவவில்லை. தராசின் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பரீதா மேடையில் நின்றபடி, எல்லோருக்கும் கேட்கத் தானே கூவினாள். "எழுதுங்க மிஸி, போன முறையிலயும் குறைவாத்தான் இரிக்கும். ஒரு விரல் கழிஞ்சிருக்கு."

நேரம்

அந்தக் கடிதத்தோடு இன்னொரு துண்டும் வந்திருந்தது. அங்கே நோயாளர் விடுதியில் பரீதாவோடு பேசிய மனநலப் பிரிவு டொக்டர் எழுதியது. இரண்டு கிழமைக்கொரு தரம் எங்கள் ஆஸ்பத்திரிக்கும் வருகிற இளம் பெண் அவர். நாங்கள் அவரைக் கணக்கில் எடுப்பதில்லை. பைத்தியத்துக்குப் பார்க்கிறவருக்கு எடைக் கிளினிக்கில் என்ன வேலை என்பது எங்கள் எண்ணம். அடுத்த தரம் வந்தபோது அவர் பரீதாவின் பழைய கொப்பியைக் கேட்டார். அது நாலு மாதமாக என் மேசை லாச்சியில் கிடந்தது.

முழுவதையும் இருந்து வாசித்தார். இது வாய் கட்டாத குறை இல்லை, ஒரு வருத்தம், பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு என்றார். குறுகிய நேரத்தில் பெருந்தொகையாக, பசியில்லாமல், ஒளித்து, நிறுத்த முடியாமல் சாப்பிடுவது; சாப்பிட்ட பிறகு தன்னையே அருவருப்பது; இது கிழமைக்கு ஒரு தடவையாவது, மாதக்கணக்காக வருவது. உடல் பெருத்த எல்லோருக்கும் இது இல்லை. ஆனால் எடைக் கிளினிக் வாங்கில் தேடினால் கட்டாயம் கிடைக்கும், தேடுவதற்கு ஒரு கேள்வி கேட்டால் போதும் என்றார். பதினொரு வருடத்தில் நாங்கள் எவரிடமும் கேள்வி கேட்டதில்லை. பதில் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது.

பிறகு கொப்பியை என் பக்கம் திருப்பினார். "என்ன சாப்பிட்டா எண்டுதான் நீங்க வாசிச்சிருக்கிறீங்க மிஸி. எப்ப எண்டு பாருங்க. ஒவ்வொரு தரமும் அதுக்கு முந்தின நேரம் வெறும் வயிறு. இவவின்ட காலைச் சாப்பாட்ட ஆர் நிப்பாட்டினது?"

ஐந்து நேரம்

கதவு சாத்திய அறையில் அந்த இளம் டொக்டரோடு பரீதா பேசியதை, பிறகு அவளே எனக்குச் சொன்னாள். குவைத்தில் வீட்டுக்கார மேடம் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, பகலில் பத்து நிமிடம் தருவாளாம். அவர்களின் சோற்றுக் கோப்பையில் மிஞ்சியது, குசினியில் நின்றபடி. அடுத்த சாப்பாடு எப்போது என்று தெரியாது. அந்தப் பத்து நிமிடத்தில் கிடைத்ததையெல்லாம் உள்ளே தள்ளப் பழகினாள். ஊருக்கு வந்த பிறகும், மகள் பள்ளிக்குப் போய் வீடு வெறுமையானதும், பத்தரை மணிக்கு அந்தப் பத்து நிமிடம் வந்துவிடும். "நோன்பு மாசத்துல வாறல்ல மிஸி. எல்லாரோடயும் இருந்துதானே திறக்கிற."

சிகிச்சை மாயமந்திரம் எதுவுமில்லை. மருந்தின் அளவைப் பார்த்து, காலை, பகல், இரவு மூன்று நேரம் சாப்பாடு, இடையில் இரண்டு தரம் சிறிதாக ஏதாவது. இருந்து சாப்பிட வேண்டும், கோப்பையில் போட்டு. இது ஹராம் மாதிரி விலக்கு என்று ஒரு சாப்பாடும் இல்லை. காலைச் சாப்பாடு மகளோடு. பத்தரைக்கு ஒரு வாழைப்பழமும் சீனி போடாத தேநீரும், பக்கத்து வீட்டு மச்சியோடு. தவறிப்போய் ஒரு நாள் அந்தப் பத்து நிமிடம் வந்துவிட்டால், அதற்குத் தண்டனையாக அடுத்த நேரத்தை விடக்கூடாது. கொப்பி உண்டு, ஆனால் அதில் நேரமும், வீட்டில் யார் இருந்தார்கள் என்பதும், அதற்குச் சற்று முன் மனதில் என்ன இருந்தது என்பதும் எழுத வேண்டும். இரண்டு கிழமைக்கொரு தரம் அந்தக் கதவுக்குப் பின்னால் பேச்சு. எடை குறைப்பது பிறகு பார்க்கலாம், முதலில் சாப்பாடு ஒரு ஒழுங்குக்கு வரட்டும்.

எங்கள் டொக்டர் இந்தத் திட்டத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சீனி வருத்தக்காரிக்கு அஞ்சு நேரம் சாப்பாடா? இதென்ன கிளினிக்கா, கலியாண வீடா?"

கதவு

அந்த மாதம் மேசையை நானே இழுத்துத் தராசடிக்குக் கொண்டுவந்தேன். வியர்த்தது. பரமேஸ்வரி அக்கா எண்ணைத் துண்டில் எழுதி என்னிடம் நீட்டினார். தொண்டை சும்மா கிடப்பது அவருக்குப் பெரிய வேதனையாக இருந்தது. பழைய கட்டில்கள் கிடந்த சாமான் அறையை ஒதுக்கி, இருந்து பேச இரண்டு கதிரை போட்டோம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இளம் டொக்டர் சொல்லித்தந்த கேள்வியைக் கேட்டேன். சாப்பிடத் தொடங்கிய பிறகு, வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் போனதுண்டா? கேட்கிறபோது முகத்தில் ஒன்றையும் காட்ட வேண்டாம் என்றார். அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. பதினொரு வருடமாக முகத்தில் காட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பெரும்பாலானோர் இல்லை என்றார்கள். சிலர் சிரித்தார்கள். திலகம் டீச்சரின் முறை வந்தது. அவரை வெறும் ஒழுங்குக்காகத்தான் கேட்டேன். ஒரு துண்டு மீனும் வல்லாரைச் சம்பலுமாக நாற்பது பேரின் வாழ்க்கையை அழகாக எழுதித் தந்தவர். பால்மாவுக்கு முதலில் சிரித்தவர். கேள்வியைக் கேட்டதும் கைக்குட்டையை விரித்தார், மடித்தார். வெளியே வாங்கில் இருப்பவர்களைப் பார்த்தார். "கதவைச் சாத்துங்க மிஸி."

ஒன்பது

பரீதாவின் கொப்பியில் அந்தப் பத்தரை மணி இன்னும் வருகிறது. கிழமைக்கு ஐந்து தரம் வந்தது, மாதத்துக்கு இரண்டு தரமாயிற்று. மகளுக்குக் காய்ச்சல் வந்த கிழமையில் மட்டும் மூன்று தரம். அடுத்த வேளையை விடாமல் சாப்பிட்டேன் என்று கீழே எழுதியிருந்தாள். நான் வாசித்தேன், வாயை மூடிக்கொண்டு வாசித்தேன். சீனி மெல்ல இறங்கியது. வெட்டின இடம் காய்ந்து மூடியது. எட்டாவது மாதம் சத்திரசிகிச்சைக்காரர்கள் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனி இங்கே வரத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தக் கடிதத்தோடு எங்கள் டொக்டரின் முன்னால் இருந்தாள். அவர் கடிதத்தைப் பார்க்கவில்லை. எடைத் துண்டைப் பார்த்தார். "எட்டு மாசத்துக்கு ரெண்டு கிலோதானா குறைஞ்சிருக்கு?"

பரீதா குனிந்து வலது செருப்பைக் கழற்றி, பாதத்தை அவர் பார்க்கும்படி நீட்டினாள். பிறகு இடது செருப்பையும். "ஒம்பது விரலும் இரிக்கி டொக்டர், எண்ணிக்கொள்ளுங்க."

பதினொரு வருடம் ஊராருடைய வாயையெல்லாம் கட்டச் சொல்லிச் சம்பளம் எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், கட்ட வேண்டியிருந்த வாய் மேசைக்கு இந்தப் பக்கம், மின்விசிறிக்குக் கீழே, நல்ல காற்றோட்டமான இடத்தில் இருந்தது.